கணினியின் பெரட்டு

பெர்னாம் ஆறு கடலோடு கலக்கும் சபாக் வட்டாரத்தின் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தோர் 'பெரட்டு' என்னும் சொல்லை மறந்திருக்கமாட்டார்கள். விடியுமுன் தொழிலாளர் அனைவரும் களத்தில் திரண்டு நிற்பர். கிராணி பெயரேட்டைப் பார்த்து ஒவ்வொருவராய் அழைப்பார். அது முடியும்வரை ஒரு பால்மரத்திலும் கத்தி படாது. ஒரு செம்பனைக் குலையும் தரையிறங்காது. வீட்டுக் கணினியின் விசையை அழுத்தியதும் அதனுள்ளே நிகழ்வதும் ஏறக்குறைய இத்தகைய பெரட்டே. அது நீண்டு, பின்னர்க் குறுகிய வரலாறு தமிழாசிரியர் அறிந்துகொள்ளத்தக்கது. தொடக்கப்பள்ளியில் ஒரு பாடவேளைக்கு 30 நிமிடமே உண்டு எனில், கணினி எழுந்து நிற்பதற்கே 5 நிமிடம் கழியுமாயின், பாடத்தில் ஆறிலொரு பங்கு வாசற்படியிலேயே கரைந்துபோகிறதன்றோ?

கணினி எதனைச் செய்யவும் நிரல் வேண்டும். அந்நிரலை நினைவகத்தில் ஏற்றுவதற்கும் ஒரு நிரல் வேண்டும். அவ்வாறாயின் முதல் நிரலை ஏற்றுவது யார்? ஒருவன் தன் காலணியின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்வதாக ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கை வழக்கு உண்டு. கணினி தொடங்குவதைக் குறிக்கும் 'பூட்' என்னும் சொல் அதனின்று பிறந்ததே. 1975இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் கணினியில் அப்பணியை மனிதனின் விரலே செய்தது. முன்பலகையிலுள்ள சிறு விசைகளை மேலும் கீழும் தள்ளி, எண்களை ஒன்றன்பின் ஒன்றாக நினைவகத்தில் பதித்தனர். அதன் பின்னரே துளையிட்ட தாள்நாடாவிலிருந்து பேசிக் மொழியை ஏற்ற முடிந்தது. மின்சாரம் நின்றால் அத்தனையும் மறைந்துபோகும். மீண்டும் முதலிலிருந்து!

இத்துன்பத்தை நீக்கியது, மின்சாரம் போனாலும் அழியாத ராம் அல்லாத நினைவகம், அதாவது ரோம். 1977இல் வந்த ஆப்பிள் 2, 1982இல் வந்த கொமடோர் 64 ஆகியவற்றில் பேசிக் மொழி உள்ளேயே பதிந்திருந்தது. கொமடோரின் விசையைப் போட்டால் சில நொடிகளில் அது ஏவலுக்குக் காத்து நின்றது. பிற்காலத்து வலிமைமிக்க கணினிகள் பல, இவ்வொரு செயலில் அதற்குப் பின்தங்கியே நின்றன என்பது வியப்பிற்குரியது. அதன் பெரட்டில் நின்றோர் மிகச் சிலரே என்பதுதான் காரணம்.

1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட கணினி, முதலில் தன் உறுப்புகளைத் தானே சோதித்தது. நினைவகம் பெருகப் பெருகச் சோதனையும் நீண்டது. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது அப்பத்தாண்டில்தான். கணினியிற் பிறவியிலேயே தமிழ் இல்லாமையால், தமிழும் தனியே ஏற்றப்படவேண்டிய ஒன்றாயிற்று. விண்டோஸ் 2000 வந்தபோது அவ்வியங்குதளமே தமிழெழுத்தைத் தாங்கி நின்றது.

ஆனால் 1995இல் விண்டோஸ் 95 வந்தது முதல் பெரட்டுக்களம் நிறையத் தொடங்கிவிட்டது. அச்சுப்பொறியின் நிரல், இசை நிரல், உரையாடல் நிரல் என நண்பகலில் தேவைப்படுவனவெல்லாம் விடியலிலேயே வந்து நின்றன. சுழல்தட்டில் கோப்புகள் சிதறிக் கிடக்கும். படிக்கும் முனை இங்குமங்கும் நகர்ந்தே அவற்றைத் தேட வேண்டும். ஒரு தேடலுக்கு நொடியில் நூறிலொரு பங்கு ஆகும் என்று கொண்டால், ஆயிரம் தேடலுக்குப் பத்து நொடி. கணினி பழையதாகிவிட்டது என்று வீட்டார் நொந்துகொண்டனர். பழையதானது கணினியன்று, பட்டியல்தான் பெருத்துவிட்டது.

இந்நிலையில் 2008இல் இன்டெல் நிறுவனத்துப் பொறியாளர் ஆர்யன் வான் டி வென், ஆக் கோக் ஆகிய இருவரும் செய்த காரியம் குறிப்பிடத்தக்கது. ஏசஸ் ஈ பிசி என்னும் எளிய மடிக்கணினியில் லினக்ஸ் 5 நொடிகளில் எழவேண்டும் என முதலில் வரையறுத்தனர். மையக்கருவுக்கு 1 நொடி, தொடக்கப் பணிகளுக்கு 1, திரைக்கு 1, மேசைத்தளத்துக்கு 2 எனப் பங்கிட்டனர். மாதச் சம்பளத்தை முன்கூட்டியே பிரித்துவைக்கும் இல்லத்தரசியின் கணக்கு இது! பங்குக்கு மீறியது எதுவாயினும் நீக்கப்பட்டது, அல்லது பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2010இல் லெனார்ட் பெட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் உருவாக்கிய சிஸ்டம்டி, பணிகள் வரிசையில் காத்துநில்லாமல் ஒருங்கே தொடங்க வழிசெய்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8, கணினியை அணைக்கும்போதே மையக்கருவின் நிலையை வட்டில் எழுதிவைத்து, மறுமுறை அதனையே மீட்டெடுத்தது. சுழலும் பகுதியே இல்லாத திண்மவட்டு பரவியபின் தேடல் நேரமும் ஏறக்குறைய மறைந்தது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகள் பல இதனால் மூலைக்குப் போகின்றன. தோட்டப்புறத்துக் குடும்பத்திற்கு இது சிறு செய்தியன்று. பிள்ளைகள் மூவர் பகிர்ந்துகொள்ளும் ஒரே கணினி அதுவாகவும் இருக்கலாம். அதில் சுழல்தட்டை எடுத்துவிட்டுத் திண்மவட்டைப் பொருத்தி, எளிய லினக்ஸ் ஒன்றை நிறுவினால், இன்னும் சில ஆண்டுகள் அது உழைக்கும். விண்டோசிலேயே தொடர்வோர் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் பணி மேலாளர் தோன்றும். அதிலுள்ள தொடக்கப் பட்டியலில் வேண்டாதவற்றை முடக்கலாம். முடக்குவது அழிப்பதாகாது, வேண்டும்போது திரும்ப இயக்கலாம். நச்சுநிரல் தடுப்பில் மட்டும் கைவைக்கலாகாது. தமிழ்த் தட்டச்சுக்கெனத் தனி மென்பொருள் வைத்திருப்போர் அதனையும் பட்டியலில் விட்டுவைத்தல் நலம்.