மணலில் தொடங்கிய அரிவரி

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தின் முதற்படியை ஒரு காலத்தில் ‘அரிவரி வகுப்பு’ என்றே சொல்வார்கள். அரிவரி என்பது எழுத்துக்களின் வரிசை. அந்த வரிசை எழுதப்பட்ட ஏடு அரிச்சுவடி. பாலர் வகுப்பு, முதலாம் தரம், முன்பள்ளி என்று பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த பின்னர் அரிவரி என்ற சொல் வழக்கிலிருந்து விலகிவிட்டது. ஒரு துறையைப் பற்றி எதுவும் அறியாதவரை ‘அரிவரிகூடத் தெரியாதவர்’ என்று ஏசும்போது மாத்திரம் அது இப்போது காதில் விழுகின்றது. அந்தச் சொல்லோடு கூடவே நம்மிடமிருந்து போன இன்னொன்றும் உண்டு. அது மணல்.

பத்திரிகை அலுவலகங்களில் பணியாற்றியவர்களுக்கு விஜயதசமிக்கு மறுநாள் நன்றாக நினைவிருக்கும். ஊர் ஊராக நடந்த ஏடு தொடக்கல் நிகழ்வுகளின் படங்கள் வந்து குவியும். எல்லாப் படங்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். தட்டிலே பரப்பிய பச்சரிசி. குருக்களின் அல்லது ஆசிரியரின் மடியில் ஒரு குழந்தை. அதன் சுட்டுவிரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிக்கும் பெரியவரின் கை. படத்தோடு அந்த அரிசித் தட்டின் பணி முடிந்துவிடும். அதற்கடுத்த நாள் அதே குழந்தையின் கையில் பென்சிலும் கோடிட்ட கொப்பியும் கொடுக்கப்படும். இன்று ஒரு நாட் சடங்காகச் சுருங்கிவிட்ட இந்த விரலெழுத்துத்தான் நம் முன்னோரின் காலத்தில் பல மாதங்கள் நீடித்த கல்வி முறையாக இருந்தது. அந்த முறை இங்கிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றதென்பதும் வரலாறு.

திண்ணைப் பள்ளிக்கூடம் நடந்த இடம் ஆசிரியரின் வீட்டுத் திண்ணையாக இருக்கும். அல்லது கோயில் மடமாக, மரநிழலாக இருக்கும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நிலத்திலே பரப்பிய மணலுக்கு முன்னால் வரிசையாக அமர்வார்கள். ஆசிரியரோ மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளையோ ஓர் எழுத்தை எழுதிக் காட்டுவார். பிள்ளைகள் அதன் பெயரை உரத்துச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவார்கள்; உள்ளங்கையால் அழிப்பார்கள்; மீண்டும் எழுதுவார்கள். கண், காது, வாய், கை ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தில் ஈடுபட்டன. இப்பயிற்சி கைவந்த பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் பிள்ளையின் கைக்கு வந்தன.

இந்த ஒழுங்குக்குக் காரணம் இருந்தது. ஓலையில் எழுதுவது எளிதன்று. இடக்கையில் ஓலையைத் தாங்கி, அக்கையின் பெருவிரலால் எழுத்தாணிக்கு முட்டுக் கொடுத்து, அழுத்தம் கூடி ஓலை கிழியாமலும் குறைந்து கீறல் விழாமற் போகாமலும் எழுத வேண்டும். ஓலையில் விழுந்த பிழையை அழிக்க இயலாது. மணலிலோ எத்தனை தடவையும் பிழை விடலாம். எழுத்தின் வடிவத்தை விரல் அறிந்துகொள்ளும் பருவத்தையும் எழுதுகருவியைக் கையாளும் பருவத்தையும் வெவ்வேறாகப் பிரித்து வைத்தார்கள் என்பதே இதன் பொருள். மணலுக்கும் பனைக்கும் பஞ்சமில்லாத நம் மண்ணில் இதற்குச் செலவும் இல்லை.

தென்னிந்தியாவின் இம்முறையைக் கண்டு வியந்து எழுதிய ஐரோப்பியருள் இத்தாலியப் பயணி பியேத்ரோ தெல்லா வல்லே முந்தியவர். இன்றைய கர்நாடகத்தில் உள்ள இக்கேரிக்கு அவர் 1623இல் சென்றார். அங்கே ஒரு கோயில் முன்றிலில் சில சிறுவர்கள் நிலத்தில் மென்மணலைத் தூவி, பாடத்தை இசையோடு சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவதைக் கண்டார். தாளும் மையும் வீணாகாமல், ஆசிரியர் அருகில் இல்லாதபோதும் ஒருவருக்கொருவர் துணையாக அவர்கள் கற்பதைத் தமது கடிதத்தில் விரிவாகக் குறித்தார். ஆனால் அது ஒரு பயணியின் வியப்பாகவே நின்றுவிட்டது.

அந்த வியப்பைச் செயலாக்கியவர் அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார். 1753இல் சென் அன்ட்ரூஸ் நகரில் பிறந்த அவர் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல், எழும்பூரில் இருந்த படைவீரர் பிள்ளைகளுக்கான ஆண் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாட் காலை குதிரைமீது சென்றவர் ஒரு ‘மலபார்’ பள்ளிக்கூடத்தைக் கடந்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகின்றது. அக்கால ஐரோப்பியர் தமிழரை மலபார்கள் என்றே அழைத்தனர். அங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்ட பெல், தம் விடுதியின் தொடக்க வகுப்பிலும் அவ்வாறே செய்யும்படி பணித்தார். அங்கிருந்த ஆசிரியர்கள் அது நடவாத காரியம் என்றனர். பெல் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஜோன் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அந்த வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். ஆசிரியர்களால் ஆகாதென்றது அச்சிறுவனால் ஆயிற்று. திண்ணைப் பள்ளியின் மணலோடு அதன் சட்டாம்பிள்ளை முறையும் இவ்வாறு எழும்பூர் விடுதிக்குள் நுழைந்தது.

பெல் 1796இல் சென்னையை விட்டுப் புறப்பட்டார். மறு ஆண்டு இலண்டனில் தமது பரிசோதனையைப் பற்றிய சிறு நூலொன்றை வெளியிட்டார். இதற்கிடையில் ஜோசப் லங்காஸ்ரர் என்பவரும் இலண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஓர் ஆசிரியர், தாளுக்கும் பேனாவுக்கும் பணமில்லை என்ற நிலைமையில் மணற்பலகை அவருக்குக் கைகொடுத்தது. லங்காஸ்ரர் ஆங்கில எழுத்துக்களை அகரவரிசைப்படி கற்பிக்கவில்லை. நேர்கோடுகளால் ஆனவை, சாய்கோடுகள் கொண்டவை, வளைவுகள் கொண்டவை என்று வடிவத்தால் குழுக்களாக்கி மணலில் எழுதுவித்தார். இது கவனத்தில் கொள்ளத்தக்க மாற்றம். இதற்குப் பின்னர் வருவேன்.

1811இல் இங்கிலாந்தின் தேசிய சங்கம் பெல்லின் வழியைத் தன் பள்ளிகளுக்கு ஏற்றுக்கொண்டது. ‘மதராஸ் முறை’ என்று அது உலகறிந்தது. இம்முறையைக் கண்டவர் யார் என்று பெல்லின் ஆதரவாளரும் லங்காஸ்ரரின் ஆதரவாளரும் நெடுங்காலம் வாதாடினார்கள். 1832இல் மறைந்த பெல்லுக்கு வெஸ்ட்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அடக்கம் கிடைத்தது. அந்த மலபார் பள்ளிக்கூடத்தின் ஆசிரியருக்கு வரலாற்றில் இடம் கிடைக்கவில்லை.

எனினும் உண்மையை ஒப்புக்கொண்ட ஆங்கிலேயரும் உண்டு. சென்னை ஆளுநர் தோமஸ் மன்றோ 1822இல் தம் மாகாணத்தின் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 12,498 பள்ளிகள் கணக்கில் வந்தன. அதற்காக 1823இல் அறிக்கை அனுப்பிய பெல்லாரி கலெக்டர் கம்பெல், இங்குள்ள பள்ளிகளில் எழுதக் கற்பிக்கும் சிக்கனமான முறையும் மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் வழக்கமும் பாராட்டத்தக்கவை என்றும், இங்கிலாந்து அவற்றைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதினார். அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கின்றது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழியம். மூன்றாமவனுக்கு மெல்லிய பிரம்படி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, அதற்கப்பால் வரிசைப்படி கூடிக்கொண்டே போகும். பொருள் விளங்காத மனனமே அங்கு மிகுதி என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஆகவே பழைய பள்ளிக்கூடத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று எவரும் விரும்பத் தேவையில்லை. அங்கே பிரம்பு இருந்தது. பெண்பிள்ளைகள் மிக அரிதாகவே இருந்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் ஏற உரிமை இருக்கவில்லை. மணல் எல்லோருக்கும் பொதுவாகக் கிடந்தது. மணலுக்கு முன்னால் அமரும் உரிமை பொதுவாக இருக்கவில்லை. வேண்டியது மணல் மாத்திரமே.

ஐரோப்பாவில் கையால் எழுத்தறியும் எண்ணம் வேறொரு வழியாகவும் வளர்ந்து வந்தது. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியின் குயின்டிலியன், யானைத்தந்தத்தால் எழுத்துக்கள் செய்து குழந்தைக்கு விளையாடக் கொடுக்கலாம் என்றார். பலகையில் எழுத்தைக் குடைந்து அந்தக் குழியின் வழியே எழுத்தாணியை ஓட்டிப் பழக்கலாம் என்றும் கூறினார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித ஜெரோம் ஒரு தாய்க்கு எழுதிய கடிதத்திலும் மரத்தால் அல்லது தந்தத்தால் ஆன எழுத்துக்கள் வருகின்றன. 1693இல் ஜோன் லொக் தாயக்கட்டையின் பக்கங்களில் எழுத்தொட்டி விளையாடக் கற்பிக்கச் சொன்னார். இவை நல்ல யோசனைகளே. ஆயினும் தந்தம் வாங்க வசதியுள்ள வீடுகளுக்கே பெரும்பாலும் பொருந்தின.

இந்த எண்ணத்தை ஏழைக் குழந்தைகளிடம் கொண்டு சென்றவர் இத்தாலிய மருத்துவர் மரியா மொண்டிசோரி. பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகுவான் ஆகியோரின் வழியில், கற்றலில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக அவர் முதலில் மரத்தால் எழுத்துக்கள் செய்வித்தார். 1907 ஜனவரி 6ஆம் திகதி உரோமாபுரியின் சன் லொரென்சோ குடியிருப்பில் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டபோது அவ்வாறான மர எழுத்துக்கள் செய்விக்க இயலவில்லை. எனவே அட்டையில் வெட்டிய எழுத்துக்களும், அட்டையில் ஒட்டிய மணற்கடதாசி எழுத்துக்களும் உருவாகின. குழந்தை அவற்றைச் சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லும். அந்த ஆண்டின் மார்கழியில் ஒருநாள், புகைபோக்கியைச் சோக்கால் வரைந்து காட்டிய ஒரு சிறுவன், தன்னால் எழுதவும் முடிகிறதென்று கூவிக்கொண்டு நிலத்தில் சொற்களை எழுதத் தொடங்கியதாக அவர் பதிவுசெய்துள்ளார். எழுதுவி என்று எவரும் அவனை வற்புறுத்தவில்லை, கை ஆயத்தமாகிவிட்டிருந்தது.

மொண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போரின் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். பெல் மணலெழுத்தை எடுத்துச் சென்ற அதே நகருக்கு ஒன்றரை நூற்றாண்டின் பின்னர் மணற்கடதாசி எழுத்து வந்து சேர்ந்தது. ஒன்று மற்றொன்றின் நேர் வாரிசு அன்று. ஆனால் இரண்டும் சொல்லும் உண்மை ஒன்றே. குழந்தையின் எழுத்து விரலில் பிறக்கின்றது.

நம் நாட்டில் இன்று ‘மொண்டிசோரி’ என்பது எந்த முன்பள்ளிக்கும் பொதுப்பெயர். ‘பிள்ளை மொண்டிசோரிக்குப் போகிறது’ என்கிறோம். பெயர் நிலைத்த அளவுக்கு முறை நிலைக்கவில்லை. 1945இல் வந்த இலவசக் கல்வி முதலாம் வகுப்பிலிருந்தே தொடங்குகின்றது. அதற்கு முந்திய பருவம் பெரும்பாலும் தனியார், சமய, சமூக அமைப்புகளின் கையில் உள்ளது. கட்டணம் செலுத்தும் பெற்றோர் அதற்குரிய பயனைக் கண்ணால் காண விரும்புகின்றனர். நிரம்பிய கொப்பி கண்ணுக்குத் தெரியும். மணலில் எழுதி அழித்த எழுத்து தெரியாது. ஆகவே மூன்றரை வயதுக் குழந்தை ‘அ’னாவை ஒரு பக்கம் நிறைய எழுதுகின்றது. மணிக்கட்டின் சிறு என்புகள் பல இன்னும் முற்றாக உருவாகாத வயது அது. பிழையாக எழுதியதன் மேல் சிவப்பு மையில் ஒரு புள்ளடி விழுகின்றது. படிப்பு என்றால் பயம் என்பதை அக்குழந்தை எழுத்துக்கு முன்னரே கற்றுக்கொள்கின்றது.

அச்சுப் புத்தகத்தை இதற்குக் குறை சொல்லலாகாது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பின்னர் பாலபாடங்களை அச்சிட்டபோது, எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாகச் செல்லும் ஒழுங்கையே பேணினார். ஓலைச்சுவடி அரிதாய்க் கிடைத்த காலத்தில் அச்சு பெருங்கொடை. பிழை, புத்தகம் வந்ததிலன்று. மணல் இருந்த இடத்திலும் புத்தகத்தையே வைத்ததில்தான்.

செய்யக்கூடியவை சிறியன, செலவும் இல்லை. விளிம்புள்ள ஒரு தட்டில் விரற்கடை உயரத்துக்கு உலர்ந்த மணலோ உமியோ தவிடோ பரப்பினால் அதுவே எழுதுபலகை. லங்காஸ்ரர் செய்ததுபோல எழுத்துக்களை வடிவத்தால் சேர்க்கலாம். ட, ப, ம, ய என்பன பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனவை, அவற்றிலிருந்து தொடங்கலாம். ‘அ’, ‘இ’, ‘ஞ’ போன்ற சுழிகளும் வளைவுகளும் மிக்கவை பின்னர் வரட்டும். களிமண்ணைத் திரித்து எழுத்தாக வளைக்கலாம். கயிற்றை நிலத்தில் எழுத்து வடிவில் இட்டு அதன்மேல் நடக்கவிடலாம். அட்டையில் பசையால் எழுதி மணல் தூவினால் உரோமாபுரியின் மணற்கடதாசி எழுத்து வீட்டிலேயே கிடைத்துவிடும். புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கலாம்; எதையும் வாயில் போடும் வயதினருக்கு மாத்திரம் அது ஆகாது.

வெட்டிய எழுத்துக்களைச் சேர்த்துச் சொல்லாக்கும் விளையாட்டில் தமிழுக்கென ஒரு கவனம் வேண்டும். ஆங்கிலத்தைப்போல ஒலிக்கொரு துண்டு என்று தமிழை வெட்ட இயலாது. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கின்றது, ஒலி பின்னால் வருகின்றது; ‘கொ’வில் மெய்யின் இருபுறமும் குறிகள். கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி ஆகியவற்றைத் தனித்தனியாக வெட்டலாம். உகர ஊகார எழுத்துக்கள் முப்பத்தாறையும் முழு எழுத்தாகவே வெட்ட வேண்டும். அவற்றின் குறிகள் எழுத்தோடு ஒட்டி உருமாறுகின்றன. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்கள் என்று குழந்தையை மலைக்கவைக்க வேண்டியதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு சில துண்டுகளின் சேர்க்கையே என்பதை அதன் கைகளே கண்டுபிடித்துவிடும்.

வரும் விஜயதசமிக்கும் படங்கள் வரும். அரிசித் தட்டும் குழந்தையின் விரலும் அவற்றில் இருக்கும். பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றுதான். சடங்கு முடிந்ததும் அரிசியை வேண்டுமானால் உலையில் போடட்டும். தட்டை எடுத்து வைக்காமல், அதில் இரண்டு கை மணலை நிரப்பி, பிள்ளைக்கு எட்டும் இடத்தில் ஓராண்டு காலம் வைத்திருக்கட்டும். கொப்பி அதுவரை காத்திருக்கலாம்.