தபான் மரமும் கடலடித் தந்தியும்

ஒரு பொருளை ஆக்குவோர், அதன் மூலப்பொருள் எவ்விடத்தில் எவ்வாறு விளைகின்றது என்பதிலிருந்தே தம் எண்ணத்தைத் தொடங்கவேண்டும் என்று இக்கால அறிஞர் வற்புறுத்துகின்றனர். அவ்வாறு தொடங்காமையால் விளைந்த கேட்டினை மலாயாக் காடுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டன.

தபான் என்பது இக்காடுகளில் வளரும் நெடுமரம். அதன் பால் உறைந்து கிடைப்பதே கெத்தா பெர்ச்சா. வெந்நீரில் இட்டால் குழையும், ஆறினால் இறுகும், மீண்டும் குழைத்து வேறு வடிவம் தரலாம். மலாய்க்காரர் அதனைப் பாராங் கத்திக்குப் பிடியாக அமைத்தனர். பிடி பழுதுற்றாலும் பொருள் வீணாவதில்லை. தேவையும் சிறிதே.

சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த வில்லியம் மாண்ட்கோமரி 1843இல் இதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். மின்சாரம் கசியாத, கடல்நீரில் கெடாத உறையைத் தேடிக்கொண்டிருந்த தந்திப் பொறியாளர்க்கு இது பெரும் பேறாயிற்று. 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த வடத்திற்கு இதுவே உறை. 1866இல் அட்லாண்டிக்கில் இட்ட வடத்திற்கோ கடல்மைல் ஒன்றுக்கு 400 இராத்தல் செலவாயிற்று. அதன் நீளம் 1,800 கடல்மைலுக்கும் மேல்!

உறையின் கனத்தை நுட்பமாகக் கணக்கிட்டோர் மரத்தின் கணக்கைப் பார்த்தாரில்லை. தபானின் பால் தடித்தது. கீறினால் சிறிது கசிந்து உடனே உறைந்துவிடும். ஆகவே மரத்தையே வெட்டிச் சாய்த்து, பட்டையை வளையம் வளையமாகக் கீறினர். அப்போதும் பாலில் பெரும்பகுதி பட்டையிலேயே தங்கிப் பாழாயிற்று. 1850களின் இறுதிக்குள் சிங்கப்பூர்த் தீவில் தபான் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. கோடரி ஜொகூர், சுமத்திரா, போர்னியோ என நகர்ந்தது. வெட்டிய காட்டுமக்களை மட்டும் பழிப்பது முறையன்று. விலை வைத்தவன் இலண்டனில் இருந்தான்.

ரப்பர் மரம் இக்கதிக்குத் தப்பியது. பட்டையை மெல்லியதாகச் சீவினால் மரம் சாகாமல் மீண்டும் மீண்டும் பால் தரும் என்பதைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ரிட்லி 1890களில் காட்டினார். தோட்டத் தமிழர் தலைமுறை தலைமுறையாகச் செய்த பால்வெட்டு அம்முறையே.

தபானுக்கும் வழி பிறந்தது; ஆனால் காலந்தாழ்ந்து. ஜாவாவிலுள்ள சிப்பெத்திரில் டச்சு அரசு 1885இல் தோட்டம் அமைத்தது. அங்கே பின்னாளில் மரத்தை வெட்டாது இலைகளைப் பறித்து, அரைத்து, நீரில் அலசிக் கெத்தாவைப் பிரித்தனர். இலை மீண்டும் தளிர்க்குமன்றோ! எனினும் 1933இல் இங்கிலாந்தில் பாலித்தீன் கண்டறியப்பட்டது. 1956இல் அட்லாண்டிக்கில் இட்ட தொலைபேசி வடத்திற்கு அதுவே உறையாயிற்று.

மூழ்கிய கப்பலில் கிடந்த சிப்பெத்திர்க் கட்டிகள் சில, இந்த நூற்றாண்டில் ஐரோப்பியக் கடற்கரைகளில் ஒதுங்கின. அவற்றில் பொறித்த ஊர்ப்பெயர் அழியாமலிருந்தது.