காணி ஒருவருக்கு, கரி இன்னொருவருக்கு

காணி உறுதி கையில் இருந்தால் மேலயும் கீழயும் எல்லாம் எங்கட எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். அமெரிக்காவில் காணியையும் அதன் அடியில் கிடக்கும் கனிமத்தையும் பிரித்து விற்கலாம். விற்றபின் யாருக்கு என்ன உரிமை என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் சொல்லும்.

கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைகளில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, விவசாயிகள் நிலக்கரி உரிமையை அற்ப காசுக்கு எழுதிக் கொடுத்தார்கள். கரியெடுக்கத் தேவையான எதையும் செய்யலாம் என்றது உறுதி. சுரங்கம் தோண்டுவாங்கள், அவ்வளவுதானே எண்டு நினைத்திருப்பார்கள். எழுத்துத் தெரியாத பலர் வைத்தது வெறும் புள்ளடி.

பிறகு புல்டோசர் வந்தது. மலையையே மேலிருந்து வழித்தெடுக்கும் முறை. பழைய உறுதி அதற்கும் இடம்கொடுக்கிறது என்று 1956இல் மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1965இல் ஒலி கோம்ப்ஸ் என்ற 61 வயது விதவை தன் காணியில் புல்டோசருக்கு முன்னால் போய் இருந்தார். பொலிஸ் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் மறியலில் வைத்தது. காணி அவருடையதுதான் என்பதை ஒருத்தரும் மறுக்கேல்ல, அதுதான் எங்களுக்கு விளங்காத விசித்திரம்.

1988இல் மாநில அரசியலமைப்பையே திருத்த வேண்டி வந்தது. வாக்களித்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஆதரித்தார்கள். உறுதியில் வேறு முறை தெளிவாக எழுதப்படாவிட்டால், அது எழுதப்பட்ட காலத்தில் அந்தப் பகுதியில் வழக்கிலிருந்த முறையில் மட்டுமே இனிக் கரியெடுக்கலாம். 1993இல் நீதிமன்றமும் அதை ஏற்றது. கரி யாருக்குச் சொந்தம் என்பதில் அந்தத் திருத்தம் கைவைக்கவில்லை.