விரல்களுக்கு மட்டும் வந்த அழைப்பு

நன்னூல் பாயிரம் நடத்தும்போது ஓரிடத்தில் ஒவ்வோர் ஆண்டும் நின்றுவிடுவேன். நூல் இயற்றுவதைப் பவணந்தி முனிவர் பஞ்சில் நூல் நூற்பதோடு ஒப்பிடுகிறார். சொல்தான் பஞ்சு, அறிவுதான் கதிர். நூற்கும் பெண்ணின் இடத்தில் புலவன் இருக்கிறான். அவளுடைய வேலை உவமையாகிவிட்டது. நூல் செய்தவன் என்ற பெயர் ஆணுக்குப் போய்விட்டது.

இதே உவமையை 1969இல் ஓர் அமெரிக்க மின்னணு நிறுவனமும் கையில் எடுத்தது. ஊடக ஆய்வாளர் லிசா நாகமுரா 2014இல் எழுதிய கட்டுரை வழியாகத்தான் இந்த வரலாறு எனக்குத் தெரியவந்தது.

ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனம் 1965இல் நியூ மெக்சிகோவின் ஷிப்ராக்கில், நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நவஹோ மக்கள் அங்கே வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். நுண்ணோக்கியில் கண் பதித்து, மயிரிழையிலும் மெல்லிய கம்பிகளைச் சிப்பில் இணைப்பது அவர்கள் வேலை. 1969இல் புதிய ஆலைக் கட்டடத் திறப்பையொட்டி வெளியிட்ட கையேட்டில் நவஹோ கம்பளத்தின் கோலத்தையும் சிப்பின் மின்சுற்றையும் நிறுவனம் ஒப்பிட்டுக் காட்டியது. தலைமுறை தலைமுறையாக நெய்தவர்களுக்கு இந்த வேலை இயல்பாகவே வரும் என்பது அதன் வாதம்.

‘இயல்பு’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. கம்பளி கத்தரித்து, சிக்கெடுத்து, நூற்று, சாயமேற்றி, கோலத்தை மனக்கணக்காகவே வைத்து நெய்வதைத் தாயும் பாட்டியும் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை இயல்பு என்று சொல்லிவிட்டால் கற்ற உழைப்புக்கு விலை தர வேண்டியதில்லை. கோலத்தை மனத்தில் கணக்கிட்டவர்களை மின்சுற்று வடிவமைக்க யாரும் அழைக்கவில்லை. அழைப்பு விரல்களுக்கு மட்டுமே வந்தது.

அந்த விரல்கள் வேலை தேடி நின்றதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1930களில், மேய்ச்சலால் மண் அரிக்கிறது என்று சொல்லி, கூட்டாட்சி அரசு நவஹோ மந்தைகளைக் கட்டாயமாகக் குறைத்தது. ஏராளமான ஆடுகள் கொல்லப்பட்டன. அந்த ஆடுகளில் பெரும்பகுதி பெண்களின் உடைமை. கம்பளி, இறைச்சி, குடும்பத்தில் அவர்களுக்கிருந்த சொல்வாக்கு எல்லாவற்றுக்கும் அதுவே முதல். முதலைப் பறிகொடுத்தவர்களின் மகள்களைத்தான் முப்பது ஆண்டுகளுக்குப் பின் ‘வேலையில்லாதவர்கள்’ என்று ஆலை வரவேற்றது.

அந்தக் கூலியை நான் குறைத்துப் பேசவில்லை. சொந்த மண்ணை விட்டுப் போகாமலே வீட்டுக்குப் பணம் வந்தது. ஆனால் குறைந்த கூலியைத் தேடி அதே நிறுவனம் 1963லேயே ஹாங்காங்குக்கும் போயிருந்தது. 1975 தொடக்கத்தில் ஷிப்ராக்கில் ஆட்குறைப்பு நடந்தது. அதை எதிர்த்து அமெரிக்க இந்தியர் இயக்கத்தினர் ஆயுதங்களோடு ஏறத்தாழ ஒரு வாரம் ஆலையைப் பிடித்துவைத்திருந்தார்கள். அதன்பின் நிறுவனம் ஆலையையே மூடிவிட்டது. போராட்டத்தில் கலந்துகொள்ளாத பெண்களுக்கும் வேலை போயிற்று.

பழங்குடிப் பெண்களைப் புதிய தொழில்நுட்பத்தில் சேர்த்துக்கொள்வோம் என்று இன்று யார் சொன்னாலும் எனக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. வடிவமைக்கும் மேசையில் அவர்களுக்கு இருக்கை உண்டா? கதவைச் சாத்தும் நாளில் அவர்கள் சொல் எடுபடுமா?

ஷிப்ராக்கில் இரண்டுமே இல்லை. கையேட்டில் கம்பளம் மட்டும் இருந்தது.