பெண் பூனைக் கருத்தடையில் மயக்க மருந்துத் தேவையைக் குறைத்தல்

பெண் பூனையின் சினைப்பைகளை, சில வேளை கருப்பையையும் சேர்த்து, நீக்கும் அறுவையின்போது வலியைத் தனியாக அடக்கி, மயக்க மருந்தைக் குறைந்த அளவில் நிறுத்தும் முறை. மும்பை டிராம்பேயின் சீத்தா கேம்ப் போன்ற நெருக்கமான பகுதிகளில் இதன் பயன் அதிகம். அங்கே பிடிபடும் தெருப் பூனையின் வயதோ நோயோ யாருக்கும் தெரியாது. கூண்டுக்குள் சீறும் பூனையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைப்பதும் நடக்கிற காரியமல்ல.

பாதிப் பூனைகளை வலிக்கு அசையாமல் வைக்க ஐசோஃப்ளூரேன் வாயு சுமார் 1.6 சதவீதம் வேண்டும். அளவு ஏற ஏற ரத்த அழுத்தம் விழும், மூச்சு தளரும். அறுவையில் மிகுந்த வலி தோலைக் கீறும்போது வருவதில்லை. சினைப்பையைப் பிடித்திருக்கும் நாரை இழுத்து, வெட்டுவாய்க்கு வெளியே கொண்டுவரும்போதுதான் வருகிறது. அந்தக் கணத்தில் இதயத் துடிப்பு எகிறும். பக்கத்தில் நிற்பவர் கை வாயுவைத் திருகிக் கூட்டும். அந்த இழுப்புக்கு முன் நாரைச் சுற்றி லிடோகெயின் விட்டால் திருக வேண்டிய தேவை குறையும். மூன்று கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்றால் 2 சதவீத மருந்தில் 0.3 மில்லிதான், உப்புநீர் கலந்து பெருக்கினால்தான் இரு பக்கத்துக்கும் போதும்.

அதே லிடோகெயினை ரத்தக்குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்றினாலும் வாயுத் தேவை குறையும். ஆனால் பூனையின் இதயத்தை அது கூடுதலாக அழுத்துவதால் நாய்க்கு உதவும் இந்த வழி இங்கே தவிர்க்கப்படுகிறது. வாயுவின் சதவீதத்தைக் குறைப்பதற்காகவே குறைப்பது வீண்.

கருத்தடை முகாம்களில் வாயு எந்திரத்தைவிட ஊசிக் கலவையே சாதாரணம்: கெட்டமினோடு சைலசீன் அல்லது டெக்ஸ்மெடெடோமிடின், வலிக்குப் பியூட்டார்ஃபனால். ஒவ்வொன்றும் மற்றதன் அளவைக் குறைக்கிறது. டெக்ஸ்மெடெடோமிடினை அட்டிபமசோல் முறித்துப் பூனையைச் சீக்கிரம் எழுப்பும். 2013 டிசம்பர் முதல் கெட்டமின் இந்திய மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இருப்பதால் கணக்குப் புத்தகமும் கூடவே வரும். வலிக்கென்று பாரசிட்டமால் கொடுப்பது பூனையைக் கொல்லும்.

பிரிட்டனில் 2002–2004இல் நடந்த ஆய்வில் ஆரோக்கியமான பூனைகளில் மயக்கம் சார்ந்த இறப்பு 0.11 சதவீதம், எல்லாப் பூனைகளையும் சேர்த்தால் 0.24. இறந்தவற்றில் பாதிக்கு மேல் அறுவை முடிந்த பிறகே இறந்தன, பெரும்பாலும் முதல் மூன்று மணி நேரத்துக்குள். சிறிய உடல் சட்டென்று குளிர்ந்துவிடும். குளிர்ந்த உடலுக்கு மயக்க மருந்தும் குறைவாகவே தேவை, விழிப்பும் தாமதம். ஸ்பிரிட்டைத் தாராளமாக ஊற்றித் துடைப்பதைத் தவிர்த்து, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை ஒட்டி வைத்து, நிமிர்ந்து உட்காரும்வரை ஆள் போட்டுப் பார்ப்பது வழக்கம்.