தூக்குக்குண்டு சொன்ன செய்தி

பேரிகையில் வீடு கட்டும் கொத்தனார், நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி ஓய்ந்து நிற்கும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே அடுத்த வரிசைக் கல்லை வைக்கிறார். குண்டு காட்டுவதே நேர் என்பதில் அவருக்கு ஐயமில்லை. சுவருக்கு அந்த நம்பிக்கை போதும். ஆனால் தேசம் முழுவதையும் அளக்கப் புறப்பட்டவர்களுக்கு அது போதவில்லை என்பதும், அவர்கள் முதலில் அந்தக் குறையை உணர்ந்த இடங்களுள் ஒன்று பேரிகைக்கு அண்மையிலுள்ள பெங்களூர்ப் பீடபூமி என்பதும், இவ்வட்டாரத்தார் அறிந்து போற்ற வேண்டிய சரித்திரம்.

1800-இல் பெங்களூரில் முக்கோணங்களுக்கு ஆதாரமான முதல் அடிக்கோட்டை அளந்தும், 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னைப் பரங்கிமலை அருகே மகா முக்கோண அளவையைத் தொடங்கியும், இரண்டு நகரங்களுக்கும் இடைப்பட்ட குன்றுகளை முக்கோணங்களால் பிணைத்த வில்லியம் லாம்டன், நட்சத்திரங்களை நோக்கிக் கணித்த ஸ்தானமும் நிலத்தை அளந்து கண்ட ஸ்தானமும் பெங்களூர்ப் பக்கத்தில் ஒத்துவராமையைக் கண்டார். கருவியின் பிழை என்றோ கணக்கரின் பிழை என்றோ அதை அவர் தள்ளிவிடவில்லை. நிலத்தினடியில் உள்ள பாறைகளின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால் கருவிக்கு நேர் காட்டும் தூக்குக்குண்டே பக்கவாட்டில் இழுக்கப்படுகிறது என்று கருதினார். கனிமம் தேடும் ஈர்ப்பு சாஸ்திரத்தின் வித்து அந்தக் கருத்திலே இருக்கிறது.

அறுபது ஆண்டுகளுக்குப் பின், அதே அளவைத் துறையைச் சேர்ந்த கேப்டன் பஸேவி, ராயல் சொஸைட்டியின் ஊசல்களைச் சுமந்துகொண்டு பாரதத்தின் நெடுக்கே நிலையம் நிலையமாகச் சென்றார். ஆகர்ஷணம் மிகுந்த இடத்தில் ஊசல் சற்றே விரைந்து ஆடும், குறைந்த இடத்தில் சற்றே தயங்கும். ஒரு நாளில் ஏறத்தாழ எண்பத்தாறாயிரம் முறை ஆடும் ஊசலில் ஓரிரு ஆட்டங்களின் வித்தியாசத்தைப் பிடிப்பதே அவர் வேலை. கூடங்குளத்திலும் பெங்களூரிலும் ஆடிய அந்த ஊசல்களோடு இமயத்துக்கு அப்பால் லடாக்கின் பனிவெளிக்குச் சென்ற பஸேவி, 1871 ஜூலையில் அங்கேயே உயிர் நீத்தார்.

ஈர்ப்பை இவ்வளவு நுட்பமாக அளப்பதால் கனிமம் தேடுவோருக்கு என்ன பயன் என்று கேட்பவர், இவ்வூர்க் கருங்கல்லில் ஒரு துண்டை ஒரு கையிலும், அதே பருமனுள்ள ஈயக் கனிமமாகிய கலீனாவை மறு கையிலும் ஏந்திப் பார்க்க வேண்டும். கருங்கல் நீரைப்போல் 2.7 மடங்கு கனம்; கலீனாவோ 7.5 மடங்கு. தாமிரமும் துத்தநாகமும் தரும் கந்தகக் கனிமங்களும் ஏறத்தாழ 4 மடங்கு கனம். இத்தகைய படிவம் மண்ணுக்குள் மறைந்து கிடந்தாலும், அதன் கனம் தனக்கு மேலுள்ள இடத்தின் ஆகர்ஷணத்தைச் சிறிது கூட்டியே தீரும்.

எவ்வளவு கூட்டும் என்பதில்தான் சங்கடம். பூமியின் ஆகர்ஷணம் நம் பக்கத்தில் ஏறக்குறைய 9,78,000 மில்லிகால் (ஈர்ப்பை அளக்கும் அலகு). தாதுப் படிவம் கூட்டுவதோ பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிகால். தரையிலிருந்து மூன்று மீட்டர் உயர்ந்தாலே ஒரு மில்லிகால் குறைந்துவிடும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிப் பறக்கும் விமானத்தில், பூமியின் சுழற்சியோடு அவ்வேகம் சேர்வதால் மட்டும், ஏறக்குறைய 800 மில்லிகால் குறைந்து தோன்றும். ஆகவேதான், அமெரிக்க உதவியுடன் 1967-68-இல் ராஜஸ்தான், பீகார், ஆந்திரப் பகுதிகளில் தாமிரமும் ஈயமும் தேடி 'ஆபரேஷன் ஹார்டுராக்' விமானங்கள் பறந்தபோது, காந்தமானியும் மின்காந்தக் கருவியும் கதிரியக்கமானியும் வானில் ஏற, ஈர்ப்புமானி தரையிலேயே நின்று, அவை சுட்டிய இடங்களைப் பின்னால் நடந்து சோதித்தது.

செயற்கைக்கோள்கள் விமானத்தின் உயரத்தையும் வேகத்தையும் நுட்பமாகச் சொல்லத் தொடங்கிய பிறகே அந்த நிலை மாறிற்று. நீர்மூழ்கிக் கப்பலுக்கென அமெரிக்கக் கடற்படை வளர்த்த ஒரு நுட்பத்தைத் தழுவி, ஆஸ்திரேலியாவின் பி.எச்.பி. நிறுவனம் 1999-இல் 'ஐன்ஸ்டீன்' என்று பெயரிட்ட விமானத்தைப் பறக்கவிட்டது. அதனுள் அடுத்தடுத்து அமைந்த உணர்கருவிகள் எல்லாம் விமானத்தின் குலுக்கலை ஒரே அளவில் உணர்வதால், ஒன்றின் அளவிலிருந்து மற்றொன்றின் அளவைக் கழிக்கக் குலுக்கல் நீங்கிவிடும். கீழேயுள்ள கனத்தினால் எழும் சிறு வேறுபாடு மட்டும் எஞ்சும். நம் புவியியல் ஆய்வுத்துறையும் பின்னர் துருவ் ஹெலிகாப்டரில் ஈர்ப்புமானியை ஏற்றியது. அத்துறையின் ஆகாய ஆய்வுப் பிரிவு நிலைகொண்டிருப்பதும் லாம்டன் அடிக்கோடு அளந்த அதே பெங்களூரில்தான்.

2001-இல் மூடப்பட்ட கோலார்ச் சுரங்கத்தின் கனத்த கரும்பாறைப் பட்டை, தெற்கே நீண்டு, பேரிகைக்குக் கிழக்கே வேப்பனப்பள்ளி வரை வருகிறது. சுற்றிலுமுள்ள பாறையைவிட அடர்ந்த அதன் போக்கை ஈர்ப்பு அளவை உயர்ந்த மேடாகக் காட்டுகிறது. அந்த மேட்டைக் கண்டதும் புதையல் கண்டதாக மகிழ்ந்துவிடலாகாது. கனத்தைச் சொல்லும் ஈர்ப்பு, அது தாதுவா வெறும் பாறையா என்று சொல்வதில்லை. துளையிட்டு எடுக்கும் கல்தான் அதைச் சொல்லும். ஓசூர் ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், அளவுகோலோடு ஒத்துவராத ஓர் அளவைக் கண்டால் அழித்து எழுதாமல், கண்டபடியே குறித்து வைக்கட்டும். லாம்டன் அவ்வாறு குறித்து வைத்த சில விகலைக் கோண வேறுபாட்டிலிருந்துதான் இந்தச் சாஸ்திரம் நமக்குக் கிடைத்தது.