கரைமணல் ரகசியம்
அத்தியாயம் 7: தாய் சேற்றில், மகள் கடலில்

1909. தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலின் பிறப்பிடம் தேடிப் புறப்பட்ட ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பெர்க், மணவாளக்குறிச்சிக் கரையில் வந்து நின்றதைப் போன வாரம் பார்த்தோம். அது மோனசைட். அதிலிருக்கும் தோரியத்தால்தான் அந்நாளைய கேஸ் விளக்கின் மேண்டில் வெள்ளை வெளேரென்று எரிந்தது. கதிரியக்கமுள்ள அந்தச் சரக்கு, இத்தனை மழையிலும் அலையிலும் கரையாமல் கிடந்தது எப்படி?

விடை தேடி ஆத்தூருக்குப் போவோம். வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பாய்ந்த மிச்சத்தோடு தாமிரபரணி புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. ஒரு காலத்தில் கொற்கையே கடற்கரை. ஆறு கொட்டிய வண்டல், அந்த முத்துத்துறையை உள்நாட்டு ஊராக்கிவிட்டது.

எந்த ஆற்று வண்டலிலும் பாறையில் பிறந்த யுரேனியமும் தோரியமும் இம்மியளவு இருக்கும். முகத்துவாரத்தில்தான் பாகப்பிரிவினை! யுரேனியம் கடல்நீரின் கார்பனேட்டோடு சேர்ந்து கரைந்தே கிடக்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 3 மைக்ரோகிராம். தோரியத்துக்குத் தண்ணீர் ஆகாது. கிடைத்த துகளைப் பற்றிக்கொண்டு அடியில் படிந்துவிடும்.

தோரியம் சிதைந்து பிறக்கும் மகள் ரேடியம். நன்னீரில் அவளும் சேற்றை விடமாட்டாள். உப்பு ஏறியதும் கடலின் அயனிகள் இடத்தைப் பிடித்து அவளை வெளியே தள்ளும். தாய் சேற்றில் தங்க, மகள் கடலோடு போவாள். ரேடியம்-224 பாதியாகக் குறைய 3.66 நாள், ரேடியம்-228க்கு 5.75 ஆண்டு. இரண்டின் விகிதத்தைக் கொண்டு, அந்த நீர் கரையை விட்டு எத்தனை நாளாயிற்று என்று இன்று கணக்கிடுகிறார்கள்.

மோனசைட் மணியோ எளிதில் கரையாத பாஸ்பேட். சாதாரண மணலைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு கனம். லேசானதை அலை வாரிக்கொண்டு போக, கனத்தது கரையில் குவிந்தது. கடல் சலித்துக் கொடுத்த அந்தக் குவியலைத்தான் ஷோம்பெர்க் கண்டார், அள்ளவும் தொடங்கினார்.

அலையால் அசைக்க முடியாததை அரசியல் அசைத்தது. 1914 ஆகஸ்டில் பிரிட்டனும் ஜெர்மனியும் போரில் இறங்கின. மணல் கிடந்தது பிரிட்டிஷ் கொடியின் நிழலில்.

அதை அள்ளிக்கொண்டிருந்தவரோ ஜெர்மானியர்!

(அடுத்த வாரம்)